முந்திக்கொண்டு ஓடிய கிடார்

கிடாரில் எனக்கு வேகம் வந்தது என் அக்கா எழுதிய குரூப் ஃபோர் பரீட்சையால். சாதகமும் செய்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முழுப் பெருமையையும் நானே எடுத்துக்கொண்டால் அக்கா சும்மா விடமாட்டாள்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். அப்பாவுக்குக் குத்தகை நிலம். எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரே போன். காலையில் அவள் அதில் பரீட்சைப் பாடம் கேட்பாள், சாயங்காலம் நான் கிடார் பாடம் பார்ப்பேன். கிடார், சித்தப்பா தன் மகனுக்காக சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அவன் இரண்டு நாள் நோண்டிவிட்டுக் கிரிக்கெட் மட்டைக்குத் தாவிவிட்டான். நான் தூக்கிவந்துவிட்டேன்.

என்னைப் பைத்தியமாக அடித்தது ப்ளூகிராஸ். அமெரிக்காவில் மலைப்பக்கத்து உழவர் வீடுகளிலிருந்து கிளம்பிய இசை. டிரம்ஸ் கிடையாது. பாஞ்சோ, மாண்டலின், பிடில், ஆளுயர பேஸ், கிடார், அவ்வளவுதான். கிடாரில் பிக் என்கிற சின்னப் பிளாஸ்டிக் வில்லை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழுமாகத் தட்டி, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக உதிர்க்க வேண்டும். அதற்கு ஃபிளாட்பிக்கிங் என்று பெயர். முதல் தடவை கேட்டபோது உடம்பெல்லாம் புல்லரித்தது. தஞ்சாவூர் போய்ப் பிக் வாங்கும்வரை எனக்குப் பொறுமையில்லை. பழைய ஏடிஎம் கார்டை வெட்டி ஆரம்பித்துவிட்டேன்.

வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஆனால் கல்லூரியிலிருந்து நான் திரும்பும் பஸ் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எப்படியும் நிற்கும். நிற்கிற நேரத்துக்குள் ஒரு பாடத்தை முழுதாகப் போனில் இறக்கிவிடலாம். பஸ்ஸே கேட்டைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் இன்னும் ஒரு கூட்ஸ் வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பேன்.

பாடம் நடத்தியவர் ஒரு வெள்ளைத் தாடிக்காரர். அப்பப்பா, என்ன வேகம்! கை மட்டுமா, பேச்சும் படபடவென்று பொரியும். அவர் காலடியில் படுத்திருக்கும் நாய் வாலாட்டுவதுகூட அவசரமாகத்தான் இருக்கும். அந்த ஊரே அப்படிப் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வருடம் அவரைத் துரத்தினேன். விரல் நுனி காய்த்துப்போனது, மணிக்கட்டு வீங்கியது, ஆளைப் பிடிக்க முடியவில்லை. பம்புசெட் கொட்டகையில் உட்கார்ந்து ஓவென்று அழுதிருக்கிறேன். மூன்றாம் வருடக் கடைசியில்தான் திக்கித் திணறி அவர் கூடவே ஒரு மெட்டை முடித்தேன். சரி, நாம் சுமார் ரகம், ஒருவழியாகத் தேறிவிட்டோம் என்று நினைத்தேன்.

அந்தச் சம்பா அறுவடை சமயத்தில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. சென்னையில் இருக்கும் ப்ளூகிராஸ் குழு ஒன்று திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் வாசிக்க வருகிறது. அவர்களுடைய கிடார்காரர் வெளிநாடு போய்விட்டதால் வேறு ஆள் தேடுகிறார்கள். உடனே எழுதிப் போட்டேன். விழா அன்று காலையிலேயே வரச் சொன்னார்கள்.

அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "போயிட்டு வா. கெடச்சா உன் வழியில போ, நான் தடுக்கல. கெடைக்கலன்னா கிடார சித்தப்பா வீட்டுல குடுத்துட்டு பி.எட். சேர்ற."

விண்ணப்பம் எழுதித் தயாராக இருந்தது. போட்டோ ஒட்டுவதுதான் பாக்கி. நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

துணைக்கு அக்கா வந்தாள். கல்லூரி வகுப்பறையில் மூன்று பேர் இருந்தார்கள்: மாண்டலின் வாசிக்கும் நடுவயதுக்காரர், பாஞ்சோ வாசிக்கும் பெண், பேஸைக் கட்டிப்பிடித்தபடி நின்ற ஒல்லியான மனிதர். எனக்கு நன்றாகத் தெரிந்த மெட்டைத்தான் ஆரம்பித்தார்கள். வந்ததே எனக்குக் கோபம்! நடை பழகும் குழந்தையைக் கைபிடித்துக் கூட்டிப்போவதுபோல் அவ்வளவு மெதுவாக வாசித்தார்கள். பட்டிக்காட்டுப் பெண், இவளுக்கு இது போதும் என்று முடிவுகட்டிவிட்டார்கள்!

"எனக்காகக் கொறச்சு வாசிக்க வேணாங்க," என்றேன். "நெஜ வேகத்துலயே வாசிங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இதுதாங்க நெஜ வேகம்," என்றார் மாண்டலின்காரர்.

கிண்டல் என்றே நினைத்தேன். வீம்புக்கு என் வேகத்தில் எடுத்தேன். மாண்டலின் இரண்டு சுற்று துரத்திவிட்டு நின்றது. பாஞ்சோ பெண் கையை உதறிக்கொண்டார். பேஸ்காரர் வாத்தியத்தின் மேலேயே சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நான் முடித்ததும் மாண்டலின்காரர், "இத எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். போனில் பாடத்தை ஓடவிட்டுக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்தவர் திரையின் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே 1.5 என்று இருந்தது.

"ஐயய்யோ, நான் வச்சதுடி அது!" என்றாள் அக்கா. "சிலபஸ் முடியணுமேன்னு எல்லாப் பாடத்தையும் ஒண்ணரை ஸ்பீடுல போட்டுத்தான் கேப்பேன். அது அப்படியே நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மூன்று வருடம்! கொட்டகையில் அழுத அழுகை அத்தனையும் ஒரு பொத்தானால்! அக்காவை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். நான் சுமார் ரகமே இல்லை! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதெல்லாம் பத்து நிமிடம்தான். "இப்ப எங்க வேகத்துல, எங்களோட சேர்ந்து வாசிங்க," என்றார்கள். என்னால் முடியவில்லை. நாலு தட்டு தட்டுவதற்குள் கை முந்திக்கொண்டு ஓடியது. இழுத்துப் பிடித்தால் தடுமாறியது. ஐந்து தடவை ஆரம்பித்தோம், ஐந்து தடவையும் என்னால்தான் நின்றது.

மாண்டலின்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கை இருக்குங்க. ஆனா எங்ககூட நிக்க மாட்டேங்கறீங்க. சாயங்காலம் மேடை. கஷ்டம்தான்."

அவர் சொன்னது சரி. உயிரோடு பக்கத்தில் நிற்கும் ஒரு மனிதரோடு நான் அதுவரை வாசித்ததே இல்லை. பி.எட். விண்ணப்பம் கண்முன்னால் வந்து நின்றது.

மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். பேஸ்காரர் மட்டும் போகவில்லை. "உங்க கையக் கேக்காதீங்க, என்னக் கேளுங்க," என்றார். "நான் தும்முன்னு வைப்பேன். அதுக்கப்புறம் நீங்க எல்லாத் தந்தியையும் சேத்து ஒரே தட்டு, சக். வேற ஒண்ணும் வேணாம்."

தும், சக். தும், சக். இதற்கா மூன்று வருடம் மணிக்கட்டு வீங்கியது என்று முதலில் எரிச்சலாக வந்தது. இந்த இசையில் கிடார்காரரின் பெரும்பாலான வேலை மற்றவர்களுக்குத் தாளம் பிடிப்பதுதான் என்று எந்தப் பாடத்திலும் என் காதில் விழவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். திடீரென்று அவருடைய தும்மும் என்னுடைய சக்கும் ஒரே ஆள் வாசிப்பதுபோல் பொருந்தின. அடடா! தனியாக எவ்வளவு வேகமாக வாசித்தபோதும் கிடைக்காத ஆனந்தம் அது. நான் வாய்விட்டுச் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

"மொத மூணு மெட்டு மட்டும் நில்லுங்க. அப்புறம் பாக்கலாம்," என்றார் சாப்பிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்று கேட்ட மாண்டலின்காரர்.

மேடையில் முதல் இரண்டு மெட்டும் பின்னால் நின்று தாளம் பிடித்தேன். மூன்றாவதில் மாண்டலின்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தனியாக வாசிக்க என் முறை. கை ஓடத் துடித்தது. பேஸைக் கேட்டேன். அது போட்ட தடத்திலேயே சுரங்களை இறக்கினேன். ஒவ்வொன்றும் தனியாக, முழுசாக விழுந்தது. மாணவர்கள் விசில் அடித்தார்கள். அதில் அக்காவின் விசில் எனக்குத் தனியாகக் கேட்டது. சுற்று முடிந்ததும் ஓடாமல் என் சக்குக்குத் திரும்பினேன்.

மெட்டு முடிந்தது. சொன்ன மூன்றும் ஆகிவிட்டது. இறங்கச் சொல்வார்கள் என்று கிடாரின் வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். பாஞ்சோ பெண் மைக்கைப் பிடித்துக் குழுவை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். மாண்டலினுக்குக் கைதட்டல், பேஸுக்குக் கைதட்டல். அப்புறம், "இவங்க எங்க கிடாரிஸ்ட்," என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.