தத்தெடுக்க ஓர் ஊர்

அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் விடுமுறையில் மந்தாரக்குப்பத்தில் அக்காள் வீட்டில் இருந்தபோது, வெளிநாடுவாழ் தமிழர் சந்திப்பு ஒன்றுக்கு அழைப்பு வந்தது. படிக்கிற காலத்தில் வருமானச் சான்றிதழுக்காக என்னை நாலு நாள் வெயிலில் நிற்க வைத்த அதே தாலுகா அலுவலகத்தில்தான் கூட்டம். இப்போது குஷன் நாற்காலி, முந்திரி பிஸ்கட். தாய்நாட்டின் வளர்ச்சி என் வருகைக்காகத்தான் காத்திருந்ததாம்.

அவரவர் சொந்த ஊரை அவரவர் தத்தெடுக்க வேண்டும். அதுதான் திட்டம்.

“சொந்த ஊர் எதுங்க மேடம்?” என்றார் கணினி முன்னாலிருந்த அதிகாரி.

சொன்னேன். பட்டியலில் தேடினார். இல்லை.

“அது இப்ப நிலக்கரி மைன்ஸுக்குள்ள இருக்குது சார். நான் எட்டாவது படிக்கிறப்பவே காலி பண்ணிட்டாங்க.”

அவர் சற்றும் கலங்கவில்லை. “அப்ப குள்ளஞ்சாவடின்னு போட்டுக்கலாங்களா?”

குள்ளஞ்சாவடியில் நான் பஸ் மாறியிருக்கிறேன். அந்த உறவே தாராளம் என்று முடிவு செய்து பதிந்துகொண்டார். ஊர் முகப்பில் வளைவு கட்டித் தந்தால் கல்வெட்டில் பெயர் வரும் என்றார். எனக்கு வளைவு கட்டத் தெரியாது, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடத்தான் தெரியும், ரெண்டு வாரம் வந்து சொல்லித் தருகிறேன் என்றேன்.

“அறிவுப் பகிர்வுன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. ஆனா அது சயின்டிஸ்டுங்களுக்கு.”

சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து அனுப்பினார்கள். சால்வை அக்காளின் தையல் மிஷினுக்கு உறையானது.

மறுநாள் அக்காள் மாத்திரை வாங்கும் சுகாதார நிலையத்துக்கு நானே போனேன். அங்கே ஒரே ஒரு நர்ஸ், சின்னப் பெண். என் சொந்த ஊரைக் கேட்காமலே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மூன்று மதியம் சேர்ந்து வேலை செய்தோம். வயதான கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவரின் குதிகால் புண் ஆறத் தொடங்கியிருந்தது.

“ஷூ மாட்டிகினு ஷிப்டுக்குப் போலாமாம்மா?” என்று கேட்டார். ஊருக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் மனசு நிறைந்தது.

கடைசி நாள் கை கழுவிக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: “யக்கா, அயர்லாந்துக்கு வரணும்னா என்ன பரீட்சை எழுதணும்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது அவள் எங்கள் மருத்துவமனையில், எனக்குக் கீழ்த் தளத்தில் இருக்கிறாள். கெட்டிக்காரி. போன வாரம் சாப்பிடும்போது கேட்டேன்.

“அந்தப் பெரியவருக்கு இப்ப யாரு கட்டுப் போடுறாங்க?”

“என் போஸ்ட் இன்னும் காலியாத்தான் இருக்குதாம்க்கா.”