அரண்மனையைக் கூட்டுகிறவர்

அதுவரை எனக்கு டூர் என்றால் ஜேடர்பாளையம்தான். அணையில் குளிப்போம், வறுத்த மீன் தின்போம், சாயங்காலம் வீடு வந்துவிடுவோம். மைசூர் அரண்மனைக்குப் போகிறோம் என்று அப்பா சொன்னபோது நம்பவில்லை. எங்களுக்கு விசைத்தறி. ஒரு நாள் நிறுத்தினாலே அவருக்குச் சோறு இறங்காது.

காரணம் அக்கா. அந்த வருஷம் இரண்டு இடத்தார் வீட்டுக்கு வந்து அவளைப் பெண் பார்த்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் தின்றார்கள். சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லியனுப்பவே இல்லை. குழாயடியில் பக்கத்து வீட்டு அம்மா கேட்டது: "ஏனுங்கக்கா, கேசரில சீனி பத்தலீங்களா?" எங்கள் அம்மா பாதிக் குடத்தோடு வந்துவிட்டாள். அக்கா அதற்கப்புறம் குழாயடிக்கே போகவில்லை.

மூன்றாவது இடத்தாரை வெளியூரில் வைத்துப் பார்ப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மாப்பிள்ளைக்கு மைசூரில் துண்டு, போர்வை வியாபாரம். வேண்டாமென்று போனாலும் தெருவுக்குத் தெரியாது. இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று தெரிந்தது ராஜா வீடு மட்டும்தான்.

திம்பம் மலை வளைவில் வாந்தி எடுத்தேன். அக்காவின் புதுச் சேலையில் பட்டது. திட்டவில்லை. ஈரம் தெரியாமல் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் அரண்மனை முழுக்க நடந்தாள்.

செருப்பை வெளியே விட்டுப் போனோம். அந்தத் தரையின் சில்லிப்பு இன்னும் காலில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் அண்ணாந்தால் கண்ணாடியில் மயில். நான் மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா, ஒரு அய்யா, சட்டையை இன் பண்ணிய ஒருத்தர் மூன்று பேரும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"அட, நீங்களும் வந்திருக்கீங்களா?" என்றார் அப்பா. அவருக்கு நடிக்க வராது.

எல்லோரும் மயிலைப் பார்த்தார்கள். கடைசியில் அந்த அம்மா அக்காவிடம் கேட்டார்: "அரமணை எப்படி இருக்குது சாமி?"

அக்கா நாலு பக்கமும் பார்த்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது. இத்தாம்பெரிய ஊட்டை ஆருங்க கூட்டறது?"

எங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா தூணைப் பார்த்தார்.

இன் பண்ணியவர் சிரித்துவிட்டார். "நாங் கூட்டறனுங்க" என்றார்.

நான் நம்பிவிட்டேன். அவ்வளவு பெரிய வீட்டுக்கு ஒரே ஆளா என்று பாவமாக இருந்தது.

அடுத்த மாதம் அவரும் அவர் வீட்டாரும் வெற்றிலை பாக்குத் தட்டோடு உறுதி செய்ய வந்தார்கள். தெருவே எங்கள் வாசலில் நின்றது. நான்தான் சத்தமாகக் கேட்டேன்: "ஏனுங்க, நீங்க இங்க வந்துட்டா அரமணையை ஆருங்க கூட்டறது?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அக்கா என்னை உள்ளே இழுத்துப் போனாள். அடிப்பாள் என்று நினைத்தேன். கையில் ஒரு கிண்ணம் கேசரியைக் கொடுத்தாள்.

"பக்கத்து ஊட்டு அம்மாளுக்கு மொதல்ல குடு. சீனி பத்துதுங்களான்னு கேட்டுட்டு வா."

போய்க் கேட்டேன். அந்த அம்மா வாயில் கேசரியோடு என்னையே பார்த்தது. சரியாகத்தானே கேட்டோம், ஏன் பதில் வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை கேட்டேன்.