செத்தவள் பேரில் ஒரு மில் வேலை

மணியம்மாளின் மூத்த மகள் தனக்கொடி எட்டு வயதில் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். பிறந்ததை மேரி என்கிற நகராட்சி ஆபீஸில் ஒழுங்காகப் பதிந்தவர்கள், செத்ததைப் பதியவில்லை. பிள்ளையைப் புதைத்த கையோடு ஆபீஸ் படியேற யாருக்கு மனசு வரும்? அப்படியே விட்டுப்போயிற்று. பிறகு புருஷன் ராமலிங்கம் மில் பஞ்சைச் சுவாசித்துச் சுவாசித்து இருமிப் படுத்தபோது, அந்தப் பிறப்புக் காகிதம்தான் உதவியது. ஒன்பதே வயதான இளைய மகள் அஞ்சலாட்சி, பதினாலு வயதுத் தனக்கொடியாக மில்லுக்குள் நுழைந்தாள். அறுந்த நூலை முடிச்சுப் போடும் வேலை.

இரண்டே வருஷம். ஐம்பத்தொன்பதாம் வருஷ மழைக்காலத்தில் இவளும் இரும ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். “வயசு?”

“பதினாறுங்க,” என்றாள் மணியம்மாள்.

“கடவாயில பால் பல்லு ஆடுது. பதினாறாம்மா? மருந்து குடுக்கணும், நெசத்தச் சொல்லு.”

சொன்னாள். பேரையும் சேர்த்துச் சொன்னாள். அஞ்சலாட்சி, வயது பதினொன்று, மூன்று மாதம் பஞ்சுத் தூசிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் எழுதினார்.

சீட்டைக் காட்டினால் லீவுக்குப் பாதிக் கூலி உண்டு. மில் குமாஸ்தா ஜானகிராமன் அதை இரண்டு தரம் படித்தார்.

“அஞ்சலாட்சின்னு ஒருத்தி நம்ம மில்லுலயே இல்லியேம்மா.”

“இதோ நிக்கறாளே ஐயா. ரெண்டு வருசமா ஒங்க முன்னாடிதான போறா வர்றா.”

“இது தனக்கொடி. தனக்கொடி பேருக்குச் சீட்டு வாங்கியா. இல்லன்னா திங்கக்கெழம வேலைக்கு வரணும்.”

எல்லாம் தெரிந்த மனுஷன். வேலைக்குச் சேர்த்த அன்றைக்கு ‘தாவணி போட்டு அழைச்சிட்டு வா, வளந்தவளாத் தெரிவா’ என்றதே இவர்தான்.

“எங்க பாப்பாவும் இவ வயசுதான்,” என்றார், ஆறுதல்போல. “நேத்து ரெண்டு தும்மல் போட்டா. இன்னிக்குக் கான்வெண்டுக்கு அனுப்பல.”

“இவ வயசுன்னா எந்த வயசுங்க? பதினொண்ணா, பதினாறா?”

ஜானகிராமன் சீட்டை மடித்து அவளிடமே திருப்பி நீட்டினார்.

“திங்கக்கெழம நான் வரேம்மா,” என்ற அஞ்சலாட்சிக்கு, அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

“நீ வாய மூடு. ஐயா, தனக்கொடி பேர அடிச்சிடுங்க. அவ செத்துட்டா.”

“மெதுவாப் பேசும்மா. எப்போன்னு எழுத?”

“எட்டு வருசமாச்சு.”

“அப்பிடில்லாம் எழுத முடியாது. தானா நின்னுட்டான்னு போட்டுக்கறேன்.”

எப்படியோ போட்டுக்கொள்ளட்டும். மணியம்மாள் ஏற்கெனவே இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். இன்னும் இரண்டு வீடு பிடித்தாலும் மில் கூலிக்கு ஈடாகாது. வாசல் தாண்டியதும், “வேகமா நடக்காதடி, மூச்சு வாங்குதுல்ல,” என்று மகள் மேல் எரிந்து விழுந்தாள்.