தழும்பும் பன்னும்

2024 டிசம்பர் 25, புதன்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன்; தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம். பால் இரண்டு பாக்கெட். இரும்புலியூர் வரை நடந்துவிட்டு வந்து காபி, பேப்பர். மத்தியானம் மூன்று மணிக்குப் படம்.

அந்தப் படத்தை 2005 முதல் வருஷா வருஷம் இதே தேதியில் பார்க்கிறோம். பண்டிகைக்காக அல்ல, நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். என் ஆபீஸ், மனைவி பாடம் நடத்தும் பள்ளி, மகள் படித்த பள்ளி, மூன்றுக்கும் நிச்சயமாக லீவு கிடைத்த நாள் அது ஒன்றுதான். பார்க்கும் ஒவ்வொரு தடவையும் டைரியில் ஒரு குறிப்பு எழுதுவேன். இது இருபதாவது.

இந்தத் தடவை நான்காவதாக ஒருவர் வந்தார். மகளோடு நாவலூரில் வேலை பார்ப்பவர், கிறிஸ்தவர், அவள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் பையன். பொங்கலுக்குள் பதில் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தேன். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு, பெரும்பாக்கத்தில் தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பிளம் கேக்கோடு இரண்டு ஐம்பத்தெட்டுக்கு வந்து நின்றார். நேரம் தவறாதது எனக்குப் பிடித்திருந்தது.

கதை எளியது. தம்பி செய்த திருட்டை அண்ணன் தானே ஏற்றுக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறான். விடுதலையாகி வரும் வழியில் பஸ் விபத்தில் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. பல வருஷம் கழித்து அம்மாவும் தம்பியும் நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடையில் இறங்குகிறார்கள். தாடியும் தலையில் துண்டுமாக டீ கொடுப்பவன் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு அம்மா கதறுகிறாள். நாங்களும் அழுவோம்.

படம் முடிந்ததும் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அங்கிள், இது எங்க வேதத்துல வர்ற கதை மாதிரியே இருக்கு."

"எது?"

"டீக்கடையில அண்ணன் அந்தக் கடைசிப் பன்னை ரெண்டா பிச்சு, பெரிய பாதியத் தம்பிக்குக் கொடுக்குறாரே, சின்ன வயசுல கொடுத்த மாதிரியே. அதப் பாத்ததும் அம்மாவுக்குத் தெரிஞ்சுடுது. அடுத்தவன் தப்பைச் சுமந்தவரு, செத்துட்டாருன்னு நெனச்சவரு, திரும்பி வந்து..."

"பன் இல்ல தம்பி. நெத்தியில இருக்கற தழும்பு. துண்டு நழுவுது, தழும்பு தெரியுது, அம்மா கதறுறா. பத்தொன்பது தடவை எழுதி வெச்சிருக்கேன்."

"நான் மொதல்லேர்ந்தே சொல்றேங்க, அவ அதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடுறான்னு" என்றாள் மனைவி.

"ரீவைண்ட் பண்ணுவோம்ப்பா. படம் பெருசா, டைரி பெருசான்னு பாத்துடலாம்" என்றாள் மகள்.

பார்த்தோம். கை பன்னைப் பிய்க்கிறது. அம்மாவின் டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நிற்கிறது. துண்டு இன்னும் தலையில்தான் இருக்கிறது. அது நழுவுவது பதினொரு வினாடி கழித்து. மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

மனைவி கைதட்டினாள். "வருஷா வருஷம் என் வாய அடைச்சாரு இந்த மனுஷன்!"

பையன் சிரிக்கவில்லை. "தம்பிக்குத் தழும்பப் பாத்துதான் தெரியுது அங்கிள். அதனால நீங்க எழுதினதும் சரிதான். எங்க வேதத்துலயும் ஒருத்தர் காயத்தப் பாத்தாதான் நம்புவேன்னு சொல்லிட்டாரு."

"அவரும் டைரி எழுதுவாரா?" என்றாள் மகள்.

படம் முடிந்ததும் அவர் முதலில் குறிப்பிட்ட அந்த வேதக் கதையைச் சொல்லச் சொன்னேன். இயேசு இறந்த மூன்றாம் நாள் இரண்டு பேர் ஓர் ஊருக்கு நடந்துபோகிறார்கள். வழியில் ஒருவர் சேர்ந்துகொண்டு பேசியபடியே வருகிறார். அது இயேசுதான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது.

"வழியில போறவரு வீட்டுக்குள்ள எப்படி வந்தாரு?" என்று கேட்டேன்.

"அவங்கதான் கூப்பிட்டாங்க அங்கிள். ஊர் வந்ததும் அவரு இன்னும் தூரமாப் போறவர் மாதிரி நடந்தாரு. பொழுது சாஞ்சிடுச்சு, எங்ககூடத் தங்குங்கன்னு வற்புறுத்தினாங்க. கூப்பிடலன்னா போயிட்டே இருந்திருப்பாரு."

ஐந்து ஐம்பதுக்கு, "அப்போ கிளம்பறேன் அங்கிள்" என்று எழுந்தார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். மகள் கேட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஹெல்மெட் போட்டுக்கோங்க" என்றேன் நான். வண்டி தெருமுனை திரும்பியது. மகள் உள்ளே போய் கேக் டப்பாவை மூடி வைத்தாள்.

டைரியில் எழுதினேன்: இருபதாவது தடவை. நான்கு பேர். பன்தான். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி மூன்று கேள்விகளையும் படித்தேன். தவறான கேள்வி எதுவும் இல்லை. ஆனால் மூன்றுமே ஆளை வாசலில் நிறுத்திவைத்துக் கேட்பவை.

வியாழன் காலை மோட்டார்கூடப் போடாமல் முதல் வேலையாக மகளின் அறைக்கதவைத் தட்டி, அந்தப் பையனுடைய அப்பாவின் நம்பரைக் கேட்டேன்.

"மணி அஞ்சே காலுப்பா! பாவம், ஏழு மணி வரைக்கும் தூங்க விடுங்க" என்றாள். சொல்லும்போதே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு மணிக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்று கூப்பிட்டேன்.