வலது முன்மரம்

ஸ்தனிஸ்லாஸ் சாருக்குப் பக்தி முற்றிவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தவர் பங்குச்சாமியார்தான். பூசையில் சிலுவை போடும்போது மற்றவர்களுக்குக் கை நெற்றிக்குப் போகும். சாருக்கு மட்டும் நெற்றி கைக்கு வந்தது. தலையை நெஞ்சுவரை தாழ்த்தி, விரல் நுனியில் நெற்றியை வைத்து எடுப்பார். "வாத்தியாரைப் பாருங்க, என்ன ஒரு தாழ்ச்சி!" என்று சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். சாரின் மனைவி அமலராணிக்குத்தான் சந்தேகம் வந்தது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அப்படியொரு தாழ்ச்சியை அவர் வீட்டில் பார்த்ததே இல்லை.

சாருக்கு வயது ஐம்பத்தொன்று. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகளின் கணுக்கால், முழங்கால், தோள்பட்டை விஷயத்தில் அவரைப் போலக் கறாரான ஆள் ஜில்லாவில் கிடையாது. சுளுக்கு எடுக்கிறேன் என்று எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறவர்களை விரட்டிவிடுவார். நேரே எலும்பு டாக்டர், பிறகு படம், பிறகு ஓய்வு. தன் அறைச் சுவரில் பெயிண்டால் அவரே எழுதி வைத்திருந்தார்: 'வலித்தால் நிறுத்து.' அந்த வாசகத்தை அவர் ஒருமுறைகூட மீறியதில்லை. கேடு அதிலிருந்துதான் வந்தது.

அவருடைய ஊர் எரியோடு போகும் சாலையில், முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. தை மாதம் செபஸ்தியார் திருவிழா. சொரூபம் வைத்த சப்பரத்தைப் பதினாறு பேர் தோளில் சுமந்து, சாயங்கால வெயிலில் பவனி போவார்கள். சப்பரத்தைத் தூக்கும் மரங்களில் வலது முன்மரம் சாரின் வீட்டுக்கு உரியது. தாத்தாவுக்கு, அப்பாவுக்கு, இப்போது முப்பது வருஷமாக இவருக்கு. மற்றவர்கள் வழியில் தோள் மாற்றிக்கொள்ளலாம். முன்மரத்துக்காரர் மாற்றக் கூடாது; கோயிலில் மரம் வைத்த தோளோடு, ஊர்க்கோடியில் சிலுவை நிற்கும் குருசடிவரை போய்த் திரும்ப வேண்டும். குருசடியில் சப்பரத்தை மூன்று தடவை தலைக்கு மேல் தூக்கி இறக்குவார்கள். ஒரு வருஷம் விட்டவருடைய மரம் அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும். போனது திரும்பியதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. அடுத்த பங்காளி, சாரின் சித்தப்பா மகன் இனிகோ. முப்பத்தெட்டு வயது, முருங்கைக்காய் வியாபாரி.

ஐப்பசியில் வலி ஆரம்பித்தது. இடது பக்கம் திரும்பிப் படுத்தாலும் வலது தோள் எழுப்பிவிட்டது. திண்டுக்கல் எலும்பு டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மேல் ஜவ்வு முக்கால்வாசி கிழிஞ்சிருக்கு சார். இப்பத் தைச்சாப் பிடிச்சிக்கும். விட்டா முழுசா அறுந்துரும். சதை சுருங்கி உள்ள போயிரும். அப்புறம் தைக்கிறதுக்குத் துணியே இருக்காது."

"தைச்சா எப்ப வெயிட்டு தூக்கலாம்?"

"ஆறு வாரம் கையத் தூளியில போட்டிருக்கணும். ஆறு மாசத்துக்கு எதையும் தூக்கக் கூடாது."

தைக்கு இன்னும் மூன்று மாதம். "திருவிழா முடியட்டுங்க" என்றார் சார், பிள்ளைகளின் பெற்றோர் அவரிடம் பரீட்சை முடியட்டும் என்று சொல்வதைப் போல. அந்தப் பெற்றோர்களை அவர் என்ன பாடு படுத்தியிருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும்.

டாக்டர் ஒரு ஊசி போட்டார். "இது ராத்திரி தூங்குறதுக்கு மட்டும். இன்னொண்ணு கேக்காதீங்க. ஜவ்வு நைஞ்சு போயிரும்."

நாலாம் நாள் வலி மாயமாக மறைந்தது. வலித்தால் நிறுத்தலாம்; வலிக்காதபோது எதை நிறுத்துவது? சார் வாலிபால் வலையைத் தானே கட்டினார். கார்த்திகையில் வலி திரும்பி வந்ததும் வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினார். அங்கிருந்த டாக்டர் முறையாகத்தான் கேட்டார்: "முன்னாடி ஊசி போட்டிருக்கீங்களா?"

"இல்லைங்க" என்றார் சார். வருகைப் பதிவேட்டில் ஒரு நாள்கூடப் பொய் எழுதாதவர்.

சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டை அமலராணி துவைக்கும்போது எடுத்தார். சார் மறைக்கவில்லை. "செபஸ்தியாருக்கு உடம்பெல்லாம் அம்பு. நமக்கு ரெண்டு ஊசி ஆகாதா?"

"அவரு அம்ப வத்தலக்குண்டுல போயி வாங்கிட்டு வரல" என்றார் அமலராணி.

மார்கழி முதல் வாரம், மனைவியின் வாய்க்குப் பயந்து சார் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் தோள் பயிற்சிக்குப் போனார். பயிற்சி கொடுக்கிற ஜீவிதா அவருடைய பழைய மாணவி, நீளம் தாண்டியவள். சட்டையைக் கழற்றச் சொல்லி, அவர் கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

"நான் விட்டுருவேன். நீங்க மெதுவா இறக்குங்க சார்."

விட்டாள். கை உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. பொத்தென்று தொடையில் விழுந்தது.

"வலிச்சுச்சா?"

"இல்லையே!" சார் முகத்தில் வெற்றி.

"வலிச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்." ஜீவிதா தோளை உற்றுப் பார்த்தாள். "ஃபைல்ல ஒரு ஊசிதான் எழுதியிருக்கு. இங்க ரெண்டு வெள்ளைப் புள்ளி இருக்கு."

"தேமலா இருக்கும்."

"தேமல் ஊசி போடுற எடமாப் பாத்து வராது சார்." அவள் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "எனக்குக் கணுக்கால் பிசகுனப்ப ஒரு மாசம் மைதானத்துப் பக்கமே விடல நீங்க. மாவட்டப் போட்டி போச்சு. மூணு நாளு அழுதேன்."

"இப்ப நல்லா நடக்குறேல்ல?"

"அதத்தான் சார் நானும் சொல்றேன். இது அறுந்துச்சுன்னா கை தோளுக்கு மேல போகாது. எப்பவும் போகாது."

சார் தலையாட்டினார். வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைகள் ஆட்டுகிற அதே ஆட்டல்.

இனிகோ ஒரு கட்டு முருங்கைக்காயோடு வீட்டுக்கு வந்தான். "அண்ணே, இந்த வருஷம் நான் பிடிச்சிக்கிறேன். அடுத்த வருஷம் நீங்களே வாங்கிக்கங்க. ஊர்ல நான் சொல்லிக்கிறேன்."

"ஏலே, மரத்த வாங்குனவன் எவன்டா திருப்பிக் குடுத்திருக்கான்?"

"நான் குடுப்பேண்ணே."

"ஒங்கப்பனும் எங்கப்பாகிட்ட இப்படித்தான் கேட்டாரு."

இனிகோ போன பிறகு அமலராணி முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே சொன்னார்: "தோளுக்கே வழியக் காணோம். மரத்துக்குப் பட்டா கேக்குறாரு." இனிகோ சொன்னது நிஜமாகவே மனதார என்பதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்திருந்தால் சார் ஒருவேளை யோசித்திருப்பார்.

திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது நத்தத்தில் மூன்றாவது ஊசி. அங்கேயும் "இல்லைங்க."

திருவிழா அன்று மத்தியானம் சாரால் சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியவில்லை. அமலராணி போட்டுவிட்டார். பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது சாருக்கு வலியைவிடப் பயமாக இருந்தது. வலிதான் இல்லையே.

பவனி அருமையாகப் போனது. வாழைக்கன்றும் சம்பங்கி மாலையுமாகச் சப்பரம் அசைந்து வந்தது. பேண்டுக்காரர்கள் வாசித்தார்கள். சாரின் தோள் மரத்துப் போனது போல அமைதியாக இருந்தது. தன் மரத்தை மச்சானிடம் கொடுத்துவிட்டு, இனிகோ வெறுங்கையோடு அண்ணனுக்கு இரண்டடி பின்னாலேயே நடந்து வந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

குருசடியில் முதல் தூக்கு. ஏறி இறங்கியது. இரண்டாவது தூக்கில் சார் மரத்தை இடது கையால் தாங்கியதை இனிகோ பார்த்தான். மூன்றாவது தூக்கில், நனைந்த சாக்கைக் கிழிப்பது போல ஒரு சத்தம். பேண்டு முழக்கத்தில் அது சாருக்கு மட்டும்தான் கேட்டது. வலது கை மரத்திலிருந்து வழுக்கி, அவருடையது இல்லை என்பது போலத் தொங்கியது. சப்பரத்தின் முன்மூலை சரிந்தது. செபஸ்தியார் கூட்டத்தைப் பார்த்துக் குனிந்தார். மாலை நழுவி விழுந்தது. பெண்கள் அலறினார்கள். இனிகோ பாய்ந்து தோளைக் கொடுத்தான். தரைக்கு ஒரு முழம் மேலே மூலை நின்றது.

யாருக்கும் அடி இல்லை. சப்பரம் திரும்பிய பிறகு இனிகோ ஓடி வந்தான். "வலிக்குதாண்ணே?"

"இல்லடா" என்றார் சார். அது உண்மை.

திண்டுக்கல் டாக்டர் புதிய ஸ்கேனைப் பார்த்தார். ஃபைலை மூடி சார் பக்கமாக நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஜீவிதா, இடது கையால் வலது கையைத் தூக்கி நெற்றியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததை சார் கோடை விடுமுறையில் வெள்ளையடித்துவிட்டார். ஏன் என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, "பாதிதான் எழுதியிருந்தேன்" என்றார். மீதியை எழுதவில்லை.

மறு வருஷம் வலது முன்மரம் இனிகோவுடையது. திருவிழாப் பூசைக்கு சார் அவனுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கிச் சிலுவை போட்டுவிட்டு நிமிர்ந்தபோது பார்த்தார். முன்னால் இனிகோவின் தலை நெஞ்சுவரை தாழ்ந்து, நெற்றி அவன் விரல் நுனிக்கு வந்தது. பீடத்திலிருந்து பங்குச்சாமியார் அதைப் பார்த்துப் புன்னகைத்தார்.

பூசை முடிந்ததும் சார் சப்பரத்தடியில் அவனைப் பிடித்தார்.

"ஏலே, எந்த ஊரு?"

இனிகோ தரையைப் பார்த்தான். "முருங்கை மூட்டை தூக்குனதுல ஒரு பிடிப்புண்ணே. அம்புட்டுத்தான்."

"எந்த ஊருன்னு கேட்டேன்."

"நத்தம்."

"எத்தன?"

"ஒண்ணுதாண்ணே."

"சட்டையக் கழட்டுடா. பாக்கணும்."

"பேண்டு வந்துருச்சுண்ணே. நேரமாச்சு." இனிகோ முன்மரத்துக்கு அடியில் குனிந்து தோளைக் கொடுத்தான். பதினாறு பேரும் எழுந்தார்கள். சப்பரம் மேலே வந்தது.

சார் அவன் பக்கத்தில் வெறுங்கையோடு நடந்தார். சரிந்தால் தாங்கக் கையும் இல்லை. "வலிக்குதாடா?" என்று கேட்டார்.

"சுத்தமா இல்லண்ணே!" என்றான் இனிகோ சந்தோஷமாக. குருசடி இன்னும் அரை மைல் இருந்தது.