குரங்குக்கும் தீட்டு உண்டா?

இன்று காலை பிலிமத்தலாவையில் எங்கள் வீட்டுக்கு முன்னால், மின்கம்பியில் பட்டு ஒரு குரங்கு செத்து விழுந்தது. மயிர் கருகிய அந்த வாடை மூக்கில் ஏறியதும், கண்டியில் அப்பாவின் அரிசிக்கடைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த தகரக்கூரை வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா ஆஞ்சநேய பக்தர். சனிக்கிழமைகளில் கூரைக்கு வரும் குரங்குகளுக்கு வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கடை திறப்பார். அப்படி ஒரு சனிக்கிழமை, பழத்துக்குத் தாவிய கிழட்டுக் குரங்கு ஒன்று கம்பியில் சிக்கிச் செத்தது. அப்பா அதற்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, தன் வேட்டியைச் சுற்றிப் புதைத்தார். பிறகு குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார்.

"அப்பா, குரங்கும் நம்மளும் ஒரே வம்சத்துல வந்தவங்கன்னு சயன்ஸ் டீச்சர் சொன்னாங்க. அப்ப நமக்குத் தீட்டு இல்லையா?" என்று கேட்டேன்.

அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். "சாமியப் போயி சொந்தங்கிறா!"

அப்பா அவளைத் தடுத்தார். 

"சொந்தம்னா தீட்டுதான்," என்றார் என்னிடம் மெதுவாக. "சாமின்னா, சாமி எப்படிம்மா செத்துச்சு?"

அன்று அவர் கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் பழம் வைத்தார். கைதான் கூப்பவில்லை.

இப்போது நான் பாடசாலையில் பரிணாமம் படிப்பிக்கிறேன். மாலையில் வழக்கம்போலக் கோயிலுக்குப் போனேன். உள்ளே பூசை மணி அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். 'சொந்தம்னா தீட்டுதான்' என்ற அப்பாவின் குரல் கேட்டது; கழற்ற முடியவில்லை.