வெள்ளைக்காரர் படகின் மூக்குக்கு நான் கட்டிய பேட்டரி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதற்கப்புறம் செய்ததைக் கேளுங்கள். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு பேட்டரி ஒர்க்ஸ் ஆரம்பித்தேன். கரண்ட் கனெக்ஷன் தர மாட்டோம் என்றார்கள். பழைய டீசல் இன்ஜினில் டைனமோவை மாட்டி சார்ஜ் ஏற்றினேன். பிளேட் வார்க்கும் அச்சை நானே அரத்தால் ராவி எடுத்தேன். ஈயம் உருக்குவது, செல்லுக்குத் தார் ஊற்றி மூடுவது, ஆசிட் கலப்பது எதையும் எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சட்டையில் விழுந்த ஓட்டைகள்தான் சொல்லித் தந்தன. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஏற்றும் லாரி, மலை சுற்றும் பாதையில் கட்டிய மைக் செட், கழனி டிராக்டர் எல்லாம் என் பேட்டரியில் ஓடியவை. இத்தனைக்கும் மேலே, கடல் என்பதே கண்ணுக்கு எட்டாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பாய்மரப் படகுக்கும் பேட்டரி போட்டேன்.

நம் பேட்டரிக்காரர் சங்கத்து மலருக்காக ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் படிப்பார்களாம். படிக்கட்டும்.

1. ஆறிப்போன காபி

எண்பதுகளின் பின்பாதி. என் கடைக்கு அடுத்தது தனலட்சுமியின் டிபன் கடை. மாடியில் இரண்டு ரூம் கட்டி ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அவர்களோடு பேசிப் பேசியே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவள். ஒரு நாள் காலையில் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“அண்ணே, செத்த வாங்க. நம்ம பீட்டர் சாமி பேட்டரி பேட்டரின்னு பொலம்பினே இருக்காரு. காபி ஆறிப் போச்சு.”

“அவரு வேனுக்கா?”

“வேன் இல்லண்ணே, கப்பலுக்கு.”

“ஏம்மா, பொழுது விடிஞ்சதும் தமாஷ் பண்ண நான்தான் கெடச்சனா?”

தமாஷ் இல்லை. பீட்டர் ஹாலந்துக்காரர். ஊரில் இருந்த வீட்டை விற்றுப் படகு வாங்கி, அதிலேயே குடித்தனம் பண்ணி, கடல் கடலாகச் சுற்றி வந்தவர். படகை மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு மூலையில் கட்டிவிட்டு, ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு இங்கே வந்து தங்கியிருந்தார். இப்போது அந்த மூலைக்குப் பெரிய சரக்குக் கப்பல் வருகிறதாம். இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பக்கமும் கருங்கல் சுவர். பக்கவாட்டுக் காற்று தள்ளினால் படகின் மூக்கு நேராகச் சுவரில்தான் போய் மோதும். பின்பக்கமாக ஓட்டலாம் என்றால் சொன்ன திசைக்கு வராத படகு அது. இழுத்துவிட வரும் பெரிய இன்ஜின் படகோ இதை நசுக்கிவிடும் என்று அவருக்குப் பயம். படகு போனால் அவருக்கு வீடும் போச்சு, வாசலும் போச்சு.

மேஜையில் சிந்திய காபியில் விரலை வைத்து அவர் படம் போட, தனலட்சுமி விளக்கினாள்.

“மூக்குக்கு அடியில குறுக்கால ஒரு குழாய் இருக்குதாம். அதுக்குள்ள விசிறி. பட்டனை அமுக்கினா தண்ணிய ஒரு பக்கமா அடிச்சு மூக்கைத் திருப்புமாம். பேரு பவ் த்ரஸ்டராம். பேட்டரி செத்துப் போச்சுன்னு மெட்ராஸ்ல புதுசா ரெண்டு வாங்கிப் போட்டிருக்காரு. அமுக்கினா உம்முனு மொனகுது, அவ்ளோதான்.”

“எந்த பேட்டரினு பாத்து வாங்கினாரு?”

அவள் கேட்டுச் சொன்னாள். “கடையில இருந்ததுலயே வெயிட்டு ஜாஸ்தியானது எதுவோ, அத.”

பீட்டர் ஏதோ சொல்லிச் சிரித்தார். கார்த்திகைத் தேரில், மூலை திரும்பும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார்களே, அந்த ஆட்கள் செய்கிற வேலையைத்தான் இந்த விசிறி செய்கிறது என்றாராம்.

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

2. கிரிவலக்காரனும் வடக்காரனும்

பிள்ளைகளே, பேட்டரியை எடையைப் பார்த்து வாங்காதீர்கள். அது செய்யப்போகிற வேலையைப் பார்த்து வாங்குங்கள். நான் பீட்டரிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “பட்டனை எவ்ளோ நேரம் அமுக்குவீங்க?”

பத்து எண்ணும் நேரம்கூட இல்லையாம். அமுக்கணும், விடணும், திரும்ப அமுக்கணும்.

மைக் செட்டுக்குக் கொடுக்கிற பேட்டரியில் பிளேட் தடி, எண்ணிக்கை கம்மி. அது கிரிவலம் போகிற ஆளைப் போல. நிதானமாக ராத்திரி முழுக்க நடக்கும், ஓடு என்றால் ஓடாது. லாரி ஸ்டார்ட் பண்ணுகிற பேட்டரியில் பிளேட் மெலிசு, எண்ணிக்கை ஜாஸ்தி. அது தேர் வடம் பிடிக்கிற கூட்டத்தைப் போல. ஒரே மூச்சில் மொத்த பலத்தையும் கொட்டிவிட்டு நின்று இளைப்பாறும். பீட்டர் வாங்கியிருந்தது கிரிவலக்காரன். அவருக்கு வேண்டியது வடக்காரன்.

இதைத் தனலட்சுமி எப்படி இங்கிலீஷ் பண்ணினாளோ தெரியாது. பீட்டர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்புறம் பேட்டரி படகில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நடுவிலாம், விசிறியோ மூக்கில். அவ்வளவு தூரத்துக்கு சுண்டுவிரல் பருமன் வயர். போகிற வழியிலேயே பாதி பலம் தீர்ந்துவிடும். பேட்டரியை மூக்குக்கே கொண்டு போவது, வயருக்குப் பதில் கட்டைவிரல் பருமன் வெல்டிங் கேபிள் போடுவது என்று முடிவு பண்ணினேன்.

பீட்டரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆறிய காபி டம்ளரை எடுத்து அப்படியே சாய்த்துக் காட்டினார். காற்றில் படகு இப்படித்தான் சாய்ந்து போகுமாம், ஆசிட் வழியும். வழிந்த ஆசிட்டோடு கடல் தண்ணீர் சேர்ந்தால் விஷப்புகை. இது எனக்குத் தோன்றாத விஷயம். சாய்கிற லாரியை நான் ரிப்பேர் பார்த்ததில்லை.

மெலிசு பிளேட்டாக வார்த்து, நெருக்கி அடுக்கி, இரண்டு பேட்டரி கட்டினேன். தேக்குப் பெட்டி செய்து உள்ளே முழுக்க ஈயத் தகடு அடித்து, ஒரு சொட்டு வழிந்தாலும் பெட்டிக்குள்ளேயே நிற்கிற மாதிரி மூலைகளைப் பற்றவைத்தேன். பேட்டரி அசையாதிருக்க வார் போட்டேன். மூடியில் ஒரு ரப்பர் குழாய், கேஸ் வெளியே போக. இப்படி ஒரு பெட்டியை நம் ஜில்லாவில் அதற்கு முன்னால் எவன் செய்தான்? சொல்லட்டும்.

3. துறைமுகத்தில் ‘டிக்’

என் கடையிலிருந்து எந்தப் பேட்டரியும் பூஜை போடாமல் வெளியே போனதில்லை. அன்றைக்கு, “இது கடலுக்குப் போவுது, நான் வெக்கிறேன்,” என்று தனலட்சுமியே சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்தாள். பெட்டிக்கு, பேட்டரிக்கு, கேபிள் மாட்ட மேலே நிற்கும் நாலு ஈயக் கொம்புக்கும் தாராளமாக அப்பினாள். கற்பூரம் காட்டி, மூன்று பேரும் பீட்டர் வேனில் மெட்ராஸ் போனோம்.

அன்று மத்தியானம் சரக்குக் கப்பல் வருகிறது. படகின் மூக்கறையில் குனிந்து உட்கார்ந்து பேட்டரிகளை இறக்கினேன், இணைத்தேன், கிளாம்ப் முடுக்கினேன். அதே கேபிளில் ஒரு விளக்கு போட்டுப் பார்த்தோம், பளிச்சென்று எரிந்தது. பீட்டர் பட்டனை அமுக்கினார்.

‘டிக்.’

அவ்வளவுதான். முனகல்கூட இல்லை. பீட்டர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கரையிலிருந்து தனலட்சுமி கத்தினாள்: “இன்னாண்ணே, வடக்காரன் வரலயா?”

“செத்த வாய மூடு!”

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றவில்லை. அப்படியென்றால் கொஞ்சம் கரண்ட் போகிறது, ஜாஸ்தி கரண்ட் போகவில்லை. எங்கேயோ வழியில் அடைப்பு. இன்னொரு தரம் அமுக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு இணைப்பாகக் கை வைத்துப் பார்த்தேன். ஒரு கிளாம்ப் சுட்டது. கழற்றினேன். கொம்பைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து, சுவருக்குப் பூசின மாதிரி இறுகிக் கிடந்தது.

“தனலட்சுமி! ஈயக் கொம்புல சந்தனத்த எவளாவது அப்புவாளா?”

“பொட்டு வெச்சது நானு. தொடைக்காம கிளாம்ப் மாட்டுனது யாரு, உங்க தாத்தாவா?”

எனக்குப் பதில் தெரியும், நேரம்தான் இல்லை. கத்தியை எடுத்து நாலு கொம்பையும் ஈயம் மின்னுகிற வரை சுரண்டினேன். கிளாம்பின் உள்பக்கமும் சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன்.

“அமுக்குங்க சாமி!”

என் முதுகுக்குப் பின்னால் யானை பிளிறின மாதிரி ஒரு சத்தம். தண்ணீர் ஒரு பக்கமாகக் கொதித்தது. கட்டின கயிறு விண்ணென்று நின்றது.

பீட்டர் கயிற்றை அவிழ்த்தார். நான் பெட்டியை விட்டு நகரவில்லை; நீச்சல் தெரியாதவன், ஆனாலும் நகரவில்லை. காற்று தள்ளியது. மேல் துவாரம் வழியாகக் கல் சுவர் கிட்டே கிட்டே வருவதைப் பார்த்தேன். பாசி தெரிந்தது, பாசியில் ஒட்டிய சிப்பி தெரிந்தது. பீட்டர் அமுக்கினார், விட்டார், அமுக்கினார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் சுவர் ஒரு முழம் விலகியது. கடைசி அமுக்கலில் மூக்கு முழுசாகத் திரும்பியது. எதிரில் சுவர் இல்லை, வெறும் தண்ணீர். பீட்டர் மேலே நின்று அவர் பாஷையில் ஏதோ கூவினார். அழுதார் என்று நினைக்கிறேன்.

நான் எப்படிக் கரைக்குத் திரும்புவது என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை. துடுப்புப் படகுக்காரர் ஒருவர் வந்து என்னை மூட்டை மாதிரி இறக்கிக் கொண்டுபோனார். தனலட்சுமி கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

4. சங்கத்துக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகளுக்கு இதில் இருக்கிற பாடம்: வேலை எவ்வளவு நேரம், எவ்வளவு பலம் என்று முதலில் கேள். பேட்டரியை வேலைக்குப் பக்கத்தில் வை. கேபிளில் கஞ்சத்தனம் பண்ணாதே. சாமி கும்பிடு, ஆனால் கிளாம்ப் மாட்டுமுன் கொம்பைச் சுரண்டு.

இனி சங்கத்துக்கு. மலரில் ‘நம் தொழிலின் சாதனைகள்’ பக்கத்தில் அந்தப் படகைப் பற்றி எழுதி, பேட்டரி கொடுத்தது மெட்ராஸ் வியாபாரி ஒருவர் என்று போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் கொடுத்தது முனகின பேட்டரி. சுவரிலிருந்து படகைத் திருப்பினது திருவண்ணாமலை பேட்டரி. அச்சுக்குப் போகுமுன் அந்த வரியை அடித்துவிட்டு, ‘ஏகாம்பரம் பேட்டரி ஒர்க்ஸ், செங்கம் ரோடு’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

தனலட்சுமி பேரையும் போடுங்கள். அவள் இங்கிலீஷ் இல்லாவிட்டால் எனக்கு அந்த வேலை வந்திருக்காது. என் பேர் எந்த எழுத்தோ அதே எழுத்தில் போடுங்கள். ஆனால் எனக்குக் கீழே.